சனிக்கிழமை எட்டரை மணி: டிவி அட்டவணை போடுகிறவர்களைப் பற்றி ஒரு குறிப்பு

அமெரிக்கத் தொலைக்காட்சியின் ஒரே ஒரு அரைமணி நேரத்தைப் பத்தி ரொம்ப நாளா குறிப்பு சேர்த்து வச்சிருக்கேன். சிபிஎஸ் நெட்வொர்க், சனிக்கிழமை ராத்திரி, 8.30-லிருந்து 9 வரைக்கும்.

1972 செப்டம்பரில் அந்த இடத்துக்கு 'பிரிட்ஜெட் லவ்ஸ் பெர்னி' என்று ஒரு புது காமெடித் தொடர் வந்தது. கத்தோலிக்கப் பெண்ணும் யூதப் பையனும் கல்யாணம் பண்ணிக்கிற கதை. சீசன் முடிவில் நாடு முழுக்க எல்லா நிகழ்ச்சிகளிலும் அதற்கு 5-வது இடம். அதே வருஷம், அதே சிபிஎஸ்ஸில், ஞாயிற்றுக்கிழமை 8 மணிக்கு இன்னொரு புதுத் தொடர் ஓடியது. பெயர் 'மாஷ்'. கொரியப் போரில் ஒரு ராணுவ மருத்துவ முகாமில் நடக்கும் கதை. அது 46-வது இடத்தில் முடிந்தது.

அடுத்த சீசனுக்கு சிபிஎஸ் முதல் தொடரை நிறுத்திவிட்டது. கலப்புத் திருமணக் கதைக்கு எதிராக யூத அமைப்புகளிடமிருந்து பலத்த எதிர்ப்பு வந்திருந்தது. காலியான சனிக்கிழமை எட்டரை மணிக்கு மாஷைத் தூக்கி வைத்தார்கள். 1973-74 முடிவில் மாஷுக்கு 4-வது இடம்.

46-லிருந்து 4. அதே முகாம், அதே முக்கிய நடிகர்கள். ஒரே வருஷத்தில் தொடரின் தரம் இவ்வளவு ஏறியிருக்கும் என்று நம்புவது கஷ்டம். மாறியது அதன் அக்கம்பக்கம். சனிக்கிழமை 8 மணிக்கு அந்த நாளில் நாட்டின் முதலிடத்தில் இருந்த 'ஆல் இன் த ஃபேமிலி'. 9 மணிக்கு 'மேரி டைலர் மூர் ஷோ'. இரண்டுக்கும் நடுவில் யாரை உட்கார வைத்தாலும் முதல் ஐந்துக்குள் வந்துவிடுவார்களோ என்று தோன்றும்.

அப்போ ஒரு நிகழ்ச்சி ஜெயிச்சதுன்னு சொல்லும்போது, உண்மையில் ஜெயிச்சது நிகழ்ச்சியா, அது உட்கார்ந்திருந்த இடமா? அமெரிக்க நெட்வொர்க்குகள் ஒவ்வொரு வருஷமும் புது சீசனுக்கு அட்டவணை போடுவது எப்படி என்று பார்த்தால், இந்தக் கேள்விக்குப் பாதி பதில் கிடைக்கும்.

களம்

நம்ம ஊர் சீரியல் திங்கள் முதல் வெள்ளி அல்லது சனி வரை தினமும் அதே நேரத்துக்கு வரும். அமெரிக்க நெட்வொர்க்கின் முதன்மைத் தொடர்கள் வாரத்துக்கு ஒரு நாள்தான். அதனால் ஒவ்வொரு நாள் ராத்திரிக்கும் தனி அட்டவணை வேண்டும். பிரைம் டைம் என்பது கிழக்குக் கரையிலும் மேற்குக் கரையிலும் இரவு 8-லிருந்து 11 வரை, நடுப்பகுதி மாநிலங்களில் ஒரு மணி நேரம் முன்னால். ஞாயிற்றுக்கிழமை மட்டும் 7 மணிக்கே தொடங்கிவிடும். ஆறு நாளுக்கு மூன்று மணி நேரம், ஞாயிறுக்கு நாலு. ஆக வாரத்துக்கு 22 மணி நேரம். ஏபிசி, சிபிஎஸ், என்பிசி என்ற மூன்று பழைய நெட்வொர்க்குகளும் நிரப்ப வேண்டியது இவ்வளவுதான். 1986-ல் வந்த ஃபாக்ஸ் தினமும் ஒரு மணி நேரம் குறைவாகத் தருவதால் அதற்கு 15 மணி நேரம்.

செப்டம்பர் கடைசியில் சீசன் தொடங்கி மே மாதம் முடியும். அடுத்த சீசனுக்கான அட்டவணையை மே மாதமே நியூயார்க்கில் மேடை போட்டு விளம்பரதாரர்களுக்கு அறிவிப்பார்கள். இதற்கு 'அப்ஃப்ரன்ட்' என்று பெயர். அந்த வருஷத்து விளம்பர நேரத்தில் பெரும்பகுதி அடுத்த சில வாரங்களிலேயே விற்றுப்போகும். ஒரு எபிசோடு கூட ஒளிபரப்பாகாத தொடருக்கு, 'இத்தனை பேர் பார்ப்பார்கள்' என்று உத்தரவாதம் கொடுத்து விற்கிறார்கள். அந்த அளவுக்கு ஆள் வரலைன்னா, நெட்வொர்க் பிறகு இலவசமாக விளம்பர நேரம் கொடுத்து ஈடுகட்ட வேண்டும்.

இரண்டு அளவுகளையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் டிவி இருக்கும் வீடு நூறு என்று வையுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு அதில் அறுபது வீட்டில் டிவி ஓடுகிறது. உங்கள் நிகழ்ச்சியைப் பதினைந்து வீடு பார்க்கிறது. நூறில் பதினைந்து என்பதால் ரேட்டிங் 15. அறுபதில் பதினைந்து என்பதால் ஷேர் 25. விளம்பரக் கணக்குக்கு ரேட்டிங் முக்கியம். எதிராளியோடு சண்டையில் யார் கை ஓங்கியிருக்கு என்று தெரிய ஷேர்தான் முக்கியம்.

எழுந்திருக்காத மனிதன்

அட்டவணைக் கலை முழுவதும் பார்வையாளரைப் பத்தின ஒரு ஊகத்தின் மேல் கட்டியது. அதை ரொம்பத் தெளிவாகச் சொன்னவர் என்பிசியின் பார்வையாளர் ஆய்வுப் பிரிவில் இருந்த பால் கிளைன். 'எந்த நிகழ்ச்சியைப் பார்ப்பது' என்று யாரும் முதலில் முடிவு செய்வதில்லை என்றார் அவர். முதலில் 'டிவி பார்க்கலாம்' என்று உட்காருகிறார்கள். அப்புறம்தான் ஓடுகிற மூன்றில் எது தங்களுக்குக் குறைந்த எரிச்சல் தருதோ அதில் நிற்கிறார்கள். இதற்கு அவர் வைத்த பெயரின் பொருள், 'மிகக் குறைந்த ஆட்சேபத்துக்குரிய நிகழ்ச்சி'.

கேட்க அவமானமாகத்தான் இருக்கும். ஆனா அந்தக் காலத்து வீட்டை நினைச்சுப் பாருங்க. ரிமோட் 1950-களிலேயே வந்துவிட்டாலும் பெரும்பாலான வீடுகளில் சேனல் மாற்ற எழுந்து போய்க் குமிழைத் திருக வேண்டும். மொத்தம் மூன்று நெட்வொர்க். பிடித்த நிகழ்ச்சி முடிந்ததும் உடனே எழுந்து மாற்றுகிறவர்கள் குறைவு. அடுத்தது மோசமில்லை என்றால் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். இந்தச் சோம்பல்தான் அட்டவணை போடுகிறவரின் மூலதனம்.

இதிலிருந்து பிறந்த உத்திகள் சில.

முதலாவது 'லீட்-இன்'. உங்களுக்கு முன்னால் ஓடுகிற நிகழ்ச்சி தன் கூட்டத்தில் ஒரு பகுதியை உங்கள் கையில் விட்டுவிட்டுப் போகும். முன்னால் இருப்பவர் பலசாலியாக இருந்தால் உங்கள் பாடு சுலபம்.

இரண்டாவது 'ஹேமக்'. இரண்டு மரத்துக்கு நடுவில் தூளி கட்டுவது. இந்தப் பக்கம் ஒரு பலமான நிகழ்ச்சி, அந்தப் பக்கம் ஒன்று, நடுவில் புதுசையோ நோஞ்சானையோ போட்டு ஆட்டுவது. மாஷுக்குச் சனிக்கிழமை நடந்தது இதுதான்.

மூன்றாவது 'டென்ட்போல்'. பலமான நிகழ்ச்சி ஒன்றுதான் கையில் இருக்கிறது என்றால் அதை நடுக் கம்பமாக நட்டு, இரண்டு பக்கமும் பலவீனமானதைத் தொங்கவிடுவது. பின்னால் வருவதற்கு மிச்சக் கூட்டம் கிடைக்கும். முன்னால் வருவதையும் கொஞ்சம் சீக்கிரமே உட்கார்ந்தவர்கள் பார்ப்பார்கள்.

நாலாவது 'கவுன்ட்டர் புரோகிராமிங்'. எதிரி ஆண்களுக்குக் கால்பந்து போட்டால் நீங்கள் வேறொரு கூட்டத்துக்கு வேறெதாவது போடுவது. நேருக்கு நேர் மோதாமல் எதிரி விட்டுவைத்தவர்களைப் பொறுக்கிக்கொள்வது.

மாஷை இடம் மாற்றிய காலத்தில் சிபிஎஸ்ஸில் நிகழ்ச்சிப் பொறுப்பில் இருந்தவர் ஃப்ரெட் சில்வர்மன். ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்புக்கு இவர் எழுதிய ஆய்வேடே ஏபிசியின் நிகழ்ச்சி அமைப்பைப் பற்றித்தான். பின்னாளில் ஏபிசிக்கும் என்பிசிக்கும் போய், மூன்று நெட்வொர்க்கின் நிகழ்ச்சிகளையும் நடத்தியவர் என்ற பெயர் வாங்கினார். அட்டவணையைப் படிப்பாகவே படித்த ஒரு ஆள் அந்த நாற்காலிக்கு வந்தது எனக்குத் தற்செயலாகத் தெரியவில்லை.

தூளியை எத்தனை நாள் ஆட்டுவது

இங்கே ஒரு சிக்கல் வரும். பலமான நிகழ்ச்சிகளையெல்லாம் ஒரே ராத்திரியில் அடுக்கிவிட்டால் அந்த ராத்திரி உங்களுடையது. மற்ற ஆறு ராத்திரி? எந்த நெட்வொர்க்குக்கும் உண்மையான வெற்றித் தொடர்கள் கைவிரலில் எண்ணக்கூடியவைதான். அதனால் தூளியில் வளர்ந்த பிள்ளையை ஒருநாள் இறக்கிவிட்டு, போய் வேறொரு ராத்திரியைத் தாங்கு என்று அனுப்ப வேண்டியிருக்கும்.

என்பிசியின் 'ஃப்ரேசியர்' 1993-ல் வியாழக்கிழமை 'சைன்ஃபெல்ட்'டுக்குப் பின்னால் தொடங்கியது. அமெரிக்காவிலேயே சொகுசான இடங்களில் ஒன்று. ஒரே வருஷத்தில் அதை எடுத்துச் செவ்வாய்க்கிழமை 9 மணிக்கு அனுப்பினார்கள். எதிரில் ஏபிசியின் பெரிய வெற்றித் தொடரான 'ஹோம் இம்ப்ரூவ்மென்ட்'. ஃப்ரேசியர் தாக்குப்பிடித்தது, மொத்தம் 11 சீசன் ஓடியது. தாக்குப்பிடிக்காத தொடர்கள் நமக்கு நினைவில் இல்லாமல் போனதே அவை தாக்குப்பிடிக்காததால்தான்.

எதிர்வீடு

இதுவரை சொன்னது சொந்த வீட்டுக் கணக்கு. எதிர்வீட்டுக்காரன் என்ன செய்வான் என்று தெரியாமல் அதைப் போட முடியாது. அவனும் உங்களைப் பார்த்துத்தான் போடுகிறான்.

1990 மே மாதம் ஃபாக்ஸ் ஒரு அறிவிப்பு விட்டது. 'த சிம்ப்சன்ஸ்' தொடரை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வியாழன் 8 மணிக்கு மாற்றுகிறோம் என்று. அந்த நேரத்தில் என்பிசியில் 'த காஸ்பி ஷோ' இருந்தது. அதற்கு முந்தைய ஐந்து சீசனாக முதலிடத்தில் இருந்த தொடர், கடைசி முறை மட்டும் 'ரோசான்'னோடு சமநிலை. நாலாவதாக வந்த குட்டி நெட்வொர்க் நேராகப் போய் யானை மேல் முட்டியது. அக்டோபர் 11 அன்று சிம்ப்சன்ஸின் புது எபிசோடு வந்தபோது காஸ்பிக்கு ரேட்டிங் 18.5, சிம்ப்சன்ஸுக்கு 18.4. ரேட்டிங் என்பது வீட்டுக் கணக்கு. ஆள் கணக்கு எடுத்தால் சிம்ப்சன்ஸைத்தான் அதிகம் பேர் பார்த்திருந்தார்கள்.

தொடர்ந்து பார்த்தால் காஸ்பியே பெரும்பாலும் மேலே இருந்தது. 1994-ல் சிம்ப்சன்ஸ் ஞாயிற்றுக்கிழமைக்கே திரும்பிவிட்டது. ஆனால் ஃபாக்ஸ் தேடியது வேறு ஒன்று என்று எனக்குப் படுகிறது. அந்த ஒரு அறிவிப்பால் விளம்பரதாரர்களும் பத்திரிகைகளும் ஃபாக்ஸை மற்ற மூன்றோடு ஒரே வரிசையில் வைத்துப் பேசினார்கள்.

வியாழக்கிழமைக்கு ஏன் இத்தனை அடிதடி? அமெரிக்காவில் புதுப் படங்கள் வெள்ளிக்கிழமை வெளியாகும். வாரக் கடைசியில்தான் ஜனங்கள் கடைக்குப் போவார்கள், கார் பார்க்கப் போவார்கள். அதனால் ஸ்டுடியோக்களும் கடைகளும் கார் கம்பெனிகளும் வியாழன் ராத்திரி விளம்பரத்துக்கு அதிகப் பணம் கொடுக்கத் தயார். 1984-ல் காஸ்பி வந்ததிலிருந்து ஏறக்குறைய இரண்டு பத்தாண்டு அந்தப் பணப்பெட்டி என்பிசியிடம் இருந்தது.

2001 பிப்ரவரியில் சிபிஎஸ் அதில் கை வைத்தது. முந்தின கோடையில் எதிர்பாராமல் பிய்த்துக்கொண்டு போன 'சர்வைவர்' ரியாலிட்டி ஷோவின் இரண்டாவது பருவத்தை, என்பிசியின் 'ஃப்ரெண்ட்ஸ்' ஓடிக்கொண்டிருந்த வியாழன் 8 மணிக்குப் போட்டது. வெள்ளிக்கிழமையில் இருந்த 'சிஎஸ்ஐ'யைக் கொண்டுவந்து அதன் பின்னால் 9 மணிக்கு வைத்தது. என்பிசி பதிலுக்கு ஃப்ரெண்ட்ஸ் எபிசோடுகளை 40 நிமிஷத்துக்கு நீட்டியது. இதில் தந்திரம் என்ன தெரியுமா? சர்வைவர் 9 மணிக்கு முடியும். ஃப்ரெண்ட்ஸ் 8.40-க்கு முடியும்போது சர்வைவருக்குப் போனால் பாதிக் கதை ஓடியிருக்கும். பார்த்தவர் அப்படியே என்பிசியிலேயே இருந்துவிடுவார் என்ற கணக்கு. அதே சோம்பல் மேல் போட்ட பந்தயம்தான். ஆனாலும் சிபிஎஸ்ஸின் அடி பலித்தது. 2002-03 சீசனில் சிஎஸ்ஐ நாட்டில் முதலிடம்.

முதலில் சீட்டைக் காட்டுகிறவன்

எனக்கு ரொம்பப் பிடித்த சம்பவம் 2006-ல் நடந்தது. அப்ஃப்ரன்ட் வாரத்தில் நெட்வொர்க்குகள் ஒன்றன்பின் ஒன்றாக அறிவிக்கும். அந்த வருஷம் என்பிசி திங்கட்கிழமையே அறிவித்துவிட்டது. ஆரன் சோர்கின் எழுதிய 'ஸ்டுடியோ 60' என்ற, பெரிய எதிர்பார்ப்பில் இருந்த புதுத் தொடர், வியாழன் 9 மணிக்கு. எதிரில் சிஎஸ்ஐ இருக்கும், தெரிந்ததுதான். சிஎஸ்ஐ பிடிக்காதவர்கள் நம்மிடம் வருவார்கள் என்பது கணக்கு.

மறுநாள் ஏபிசி மேடை ஏறி, 'கிரேஸ் அனாடமி'யை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வியாழன் 9 மணிக்கு மாற்றுகிறோம் என்றது. 'டெஸ்பரேட் ஹவுஸ்வைவ்ஸ்' பின்னால் தூளியில் வளர்ந்த தொடர் அது. இப்போது வியாழன் 9 மணிக்கு இரண்டு மலை. நடுவில் ஸ்டுடியோ 60. கொஞ்ச நாளிலேயே என்பிசி அறிவித்த அட்டவணையைக் கலைத்து, அதைத் திங்கள் 10 மணிக்கு 'ஹீரோஸ்' பின்னால் கொண்டுபோய் வைத்தது. அந்தத் தொடர் ஒரே சீசனோடு நின்றுபோனது.

விளையாட்டுக் கோட்பாட்டில் இது பால பாடம். எதிராளியின் சீட்டைப் பார்த்துவிட்டு இறக்குகிறவனுக்கு அனுகூலம். அதே சமயம் எல்லாரும் காத்திருக்கவும் முடியாது, விளம்பரப் பணம் யாருக்காகவும் நிற்காது. அதனால் நெட்வொர்க் அலுவலகங்களில் நிகழ்ச்சிப் பெயர் எழுதிய காந்த அட்டைகளைப் பலகையில் நகர்த்தி நகர்த்தி, 'நாம் இதைச் செய்தால் அவன் என்ன செய்வான்' என்று கடைசி நிமிஷம்வரை ஒத்திகை பார்ப்பார்கள்.

அடி யாருக்கு விழும்

பலகையில் அட்டை நகர்வது சின்ன விஷயம். அதன் பின்னால் இருப்பவர்களுக்கு அப்படியில்லை. 'ஸ்டார் ட்ரெக்' மூன்றாவது சீசனுக்குத் திங்கட்கிழமை மாலை கிடைக்கும் என்று சொல்லப்பட்டது. அங்கே 'லாஃப்-இன்' வெற்றிகரமாக ஓடிக்கொண்டிருந்ததால், 1968-ல் அதை வெள்ளிக்கிழமை ராத்திரி 10 மணிக்குத் தள்ளினார்கள். அதை விரும்பிப் பார்த்த இளசுகள் வீட்டிலேயே இருக்காத நேரம் அது. படைப்பாளர் ஜீன் ராடன்பெரி அன்றாடப் பொறுப்பிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். 1969-ல் தொடர் நிறுத்தப்பட்டது. பின்னால் மறுஒளிபரப்பில் உள்ளூர் ஸ்டேஷன்கள் அதைச் சாயங்கால நேரத்தில் போட்டபோதுதான் அதன் உண்மையான கூட்டம் யார் என்று தெரிந்தது.

அடி வெளியிலும் விழும். 2009 செப்டம்பரில் என்பிசி செலவைக் குறைக்க, வார நாளில் தினமும் 10 மணிக்கு ஜே லெனோவின் பேச்சு நிகழ்ச்சியை வைத்தது. நாடகத் தொடரைவிட ரொம்ப மலிவு. ஆனால் 11 மணிக்கு உள்ளூர் ஸ்டேஷன்களின் செய்தி. லெனோவைப் பார்க்கக் கூட்டம் வராததால் செய்திக்குக் கைமாறிய கூட்டமும் சுருங்கியது. அந்த ஸ்டேஷன்களின் முக்கிய வருமானமே அந்தச் செய்திதான். அவர்கள் போட்ட சத்தத்தில் 2010 பிப்ரவரியில் நிகழ்ச்சியை எடுத்துவிட்டார்கள்.

மறுபடி எட்டரை மணி

ஆரம்பக் கேள்விக்கு வருவோம். மாஷ் ஜெயித்ததா, இடம் ஜெயித்ததா?

அதற்கு அடுத்த வருஷங்களைப் பார்க்க வேண்டும். 1974-ல் சிபிஎஸ் மாஷைச் சனிக்கிழமைத் தூளியிலிருந்து இறக்கிச் செவ்வாய்க்கிழமைக்கு அனுப்பியது. பக்கத்தில் ஆல் இன் த ஃபேமிலி இல்லை. ஆனாலும் 5-வது இடம். அதே நேரம் சனிக்கிழமை எட்டரைக்கு 'ஃப்ரெண்ட்ஸ் அண்ட் லவர்ஸ்' என்ற புதுத் தொடர் வந்தது. நாட்டின் முதலிட நிகழ்ச்சியை முன்னால் வைத்துக்கொண்டும் அது பாதி சீசனில் எடுக்கப்பட்டது. 1975 ஜனவரியில் அங்கே வந்த 'த ஜெஃபர்சன்ஸ்' பத்து வருஷம் வாழ்ந்தது.

ஆக நல்ல இடம் கொடுப்பது கூட்டத்தை. அதைப் பிடித்து வைப்பது நிகழ்ச்சியின் வேலை. அதனால்தான் அட்டவணை போடுகிறவர்கள் வெறும் ரேட்டிங்கைப் பார்ப்பதில்லை. முன்னால் இருந்தவரிடமிருந்து கைக்கு வந்த கூட்டத்தில் எவ்வளவு மிச்சம் வைத்தாய் என்று பார்க்கிறார்கள். இருபது வாங்கிப் பதினைந்தாக்கின தொடரைவிட, எட்டு வாங்கிப் பத்தாக்கின தொடர் அவர்கள் கண்ணுக்கு நல்ல சரக்கு.

இப்போது ஸ்ட்ரீமிங் வந்துவிட்டதே, மணிக்கணக்கு எல்லாம் போச்சே என்று கேட்கலாம். நெட்வொர்க்குகள் இன்னும் அட்டவணை போடுகின்றன. என்பிசி 2018-லிருந்து புதன்கிழமை ராத்திரி முழுவதையும் 'சிகாகோ' பெயர் கொண்ட மூன்று தொடர்களுக்கே கொடுத்து, பார்க்கிறவர் எழுந்திருக்கவே வேண்டாம் என்று வைத்திருக்கிறது. ஸ்ட்ரீமிங்கிலும் ஒரு எபிசோடு முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுகிறது. முகப்பில் முதல் வரிசையில் எந்தப் படம் தெரிய வேண்டும் என்று யாரோ முடிவு செய்கிறார்கள். கிளைன் பார்த்த அதே உட்கார்ந்த மனிதனுக்காகத்தான் இதுவும்.

மாஷ் 11 சீசன் ஓடியது. 1983 பிப்ரவரி 28 அன்று வந்த அதன் கடைசி எபிசோடைப் பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். முதல் வருஷம் ஞாயிற்றுக்கிழமையில், சீக்கிரமே நிறுத்தப்பட்ட 'அன்னா அண்ட் த கிங்' பின்னால், எதிரில் டிஸ்னி நிகழ்ச்சியை வைத்துக்கொண்டு 46-வது இடத்தில் கிடந்த தொடர் அது. அந்த எண்ணை மட்டும் பார்த்து நிறுத்தியிருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்த சீசனில் அதைப்போலவே கீழே கிடந்த தொடர்கள் இன்னும் பல. சனிக்கிழமை எட்டரை மணி வாரத்துக்கு ஒன்றுதான்.